கையால் செய்த 16 மி.மீ. படச்சுருளும் நேரடி ஒலியும்: முதல் நிகழ்ச்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கேமரா இல்லாமல், படச்சுருளின் மேலேயே கீறி, வரைந்து, கரைத்து ஒரு படம் செய்யலாம். அதைப் பார்வையாளர் முன்னால் புரொஜெக்டரில் ஓட்டிக்கொண்டே, முன்கூட்டி எழுதிவைக்காத ஒலியை அங்கேயே உருவாக்கலாம். அப்படி ஒரு பத்து நிமிட நிகழ்ச்சியைத் தயாரிக்கும் வழிமுறை இது. இரண்டு பேர் போதும்: ஒருவர் புரொஜெக்டர் பக்கம், ஒருவர் ஒலிப் பக்கம்.

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் வந்த உடனே பேனாவை எடுத்து வரையத் தொடங்கிவிடுகிறார்கள். புரொஜெக்டரைக் கடைசி நாளில்தான் தொடுகிறார்கள். இந்த வரிசையால்தான் பெரும்பாலான வேலை வீணாகிறது. சுருளில் எவ்வளவு தடிமன் ஏறலாம், ஒலி எந்த ஓரத்தில் வரும், எத்தனை அடி வேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்த இயந்திரம்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

1. புரொஜெக்டரைத் தேர்ந்து சோதித்தல்

ஒலி வசதியுள்ள 16 மி.மீ. புரொஜெக்டர் வேண்டும். பெல் அண்ட் ஹவல், ஐக்கி, எல்மோ இயந்திரங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கும் முன் பழகிப் பார்க்க நினைத்தால் மும்பையில் ஹர்கத் ஸ்டூடியோஸ், ரோட்டர்டாமில் ஃபில்ம்வெர்க்பிளாட்ஸ், பாரிஸ் பக்கத்தில் லாபொமினாப்ல் போன்ற இடங்களை அணுகிப் பாருங்கள்.

சுருளைத் தானாக இழுத்துக்கொள்ளும் வகையைத் தவிருங்கள். கையால் கோர்க்கும் வகையோ, திறந்த பள்ளத்தில் சுருளை நுழைக்கும் வகையோ நல்லது. கைவேலை செய்த சுருள் சீராக இருக்காது. மூடிய பாதைக்குள் ஓர் ஒட்டு சிக்கினால் அதை எடுக்க இயந்திரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரமாக இருந்தால் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் 110 வோல்ட்டாகக் குறைக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஹெர்ட்ஸாக மாற்றாது. ஏ.சி. மோட்டார் உள்ள பழைய மாடல்கள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் ஏறக்குறைய 20-இல்தான் ஓடும். நிகழ்ச்சிக்கு அது குறையில்லை. ஆனால் அடுத்து வரும் கணக்குகள் மாறும், அதனால் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

சோதனை இப்படி: படம் ஏதும் இல்லாத வெற்றுச் சுருளை, அதாவது லீடரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். விளக்கொளி சுருளில் விழும் ஜன்னலான கேட்டுக்கு மேலும் கீழும் சுருள் வளைந்து நிற்கும் இரண்டு லூப்புகளும் அளவு மாறாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரே துண்டைப் பலமுறை ஓட்டி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நேர்க்கோடாக ஒரு கீறல் விழுந்திருந்தால் பாதையில் எங்கோ அழுக்கோ பிசிறோ இருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியால் கேட்டைத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். உங்கள் சுருளில் விழும் கீறல் நீங்கள் போட்டதாக மட்டுமே இருக்க வேண்டும்.

மாற்று விளக்கு, ஒலியைப் படிக்கும் சிறு எக்ஸைட்டர் விளக்கு, ஃப்யூஸ், ரப்பர் பெல்ட் ஆகியவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். எக்ஸைட்டர் விளக்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது போனால் படம் ஓடும், ஒலித்தடம் ஊமையாகிவிடும்.

2. நீளத்தைக் கணக்கிடுதல்

16 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 40 ஃபிரேம். ஒரு ஃபிரேமின் நீளம் 7.62 மி.மீ. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 36 அடி, அதாவது 100 அடிச் சுருள் 2 நிமிடம் 46 நொடியில் தீரும். 18 ஃபிரேமில் ஓட்டினால் அதே சுருள் 3 நிமிடம் 42 நொடி வரும்.

பத்து நிமிடத்துக்கு 360 அடி முழுவதையும் வரைய முயலாதீர்கள். 14,400 ஃபிரேம்! கை சோர்ந்து, பிற்பகுதி முழுக்க ஒரே மாதிரிக் கோடுகளாகிவிடும். 100 அடிக்கு ஒரு தொடர்ச்சியான படம், கூடவே இரு முனையையும் ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடும் நான்கைந்து லூப்புகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். லூப் ஓடும்போதுதான் புரொஜெக்டர்காரருக்குக் கைவேலை காட்ட நேரம் கிடைக்கும்.

இன்னொரு அளவையும் மனதில் வையுங்கள். ஒரே ஒரு ஃபிரேமில் இருப்பது திரையில் ஒரு மின்னல் மட்டுமே. ஓர் உருவத்தைக் கண் பிடித்துக்கொள்ள அது அடுத்தடுத்து ஐந்தாறு ஃபிரேமிலாவது இருக்க வேண்டும்.

3. சுருளைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று வகை உண்டு. வரைவதற்குத் தெளிந்த லீடர், கீறுவதற்குக் கறுப்பு லீடர், கரைப்பதற்குப் பழைய படப் பிரதி. ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள சுருளாக வாங்குங்கள். துளையில்லாத ஓரம்தான் ஒலித்தடத்துக்கான இடம். இருபக்கமும் துளையுள்ள சுருளைப் போட்டால் ஒலிப்படிப்பான் துளைகளையே படித்து, நொடிக்கு 24 முறை அடிக்கும் உறுமலைத் தரும். அதை விரும்பிப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் மேல் உங்கள் கோடுகள் கேட்காது.

பழைய பிரதி கிடைத்தால் ப்ளீச்சில் போடும் முன் ஒருமுறை முழுவதும் பாருங்கள். ஒருவர் வீட்டுப் படமாகவோ, வேறெங்கும் பிரதி இல்லாத ஆவணப்படமாகவோ இருக்கலாம். நம் ஊர்ப் படங்களில் எவ்வளவோ காணாமல் போய்விட்டன. சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள், ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். விளம்பரங்களும் பல பிரதி போட்ட பாடப் படங்களும் போதும்.

வினிகர் வாடை அடித்தால் சுருளின் அடிப்பொருளான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது, சுருங்கியும் இருக்கும். புதிய சுருளோடு அருகருகே வைத்து 100 துளைகளை எண்ணிப் பாருங்கள். பழையது ஒரு துளை அளவு குட்டையாக இருந்தால் ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது என்று பொருள். அதை ஓட்டாதீர்கள். சுருளை இழுக்கும் இயந்திர நகம் துளைகளில் சரியாக உட்காராமல் கிழித்துவிடும்.

அடுத்தது எந்தப் பக்கம் எமல்ஷன், அதாவது படம் பதியும் ஜெலட்டின் பூச்சு, என்று கண்டுபிடிப்பது. ஈர உதட்டில் ஓரத்தை லேசாக வைத்தால் ஒட்டும் பக்கம் எமல்ஷன். எந்த ரசாயனமும் படாத சுருளில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

4. கீறுதல், வரைதல், கரைத்தல்

ஒரு லைட் பாக்ஸின் மேல் 7.62 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட தாளை ஒட்டி, அதன் மேல் சுருளைப் பரப்புங்கள். துளைகளின் மேலும் அவற்றின் ஓரத்திலும் எதுவும் படக் கூடாது. இயந்திரத்தின் நகம் பிடிக்கும் இடம் அது.

கீறுவதற்குக் காம்பஸ் முள், பல் மருத்துவரின் கொக்கி முள், உப்புத்தாள் எல்லாம் நல்லவை. எமல்ஷன் பக்கத்தில்தான் கீற வேண்டும். கலர் பிரதியின் கறுப்புப் பகுதியில் அழுத்தத்தை மாற்றிப் பாருங்கள். லேசாகக் கீறினால் பச்சை, இன்னும் ஆழப் போனால் மஞ்சள், அடிவரை போனால் வெள்ளை. மேலே இருக்கும் மெஜந்தா அடுக்கு முதலில் போகிறது, அடுத்து நீலப்பச்சை, கடைசியில் மஞ்சள். பேனாவோ சாயமோ இல்லாமலே மூன்று நிறம் கிடைக்கிறது. முள்ளின் எடை மட்டும் பட்டால் பச்சையோடு நிற்கும். ஒரே கோட்டில் அழுத்திக்கொண்டே போனால் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, திரையில் அந்தக் கோடு தானாக எரிவதுபோல் தெரியும். வேறு எதையும் தொடும் முன் ஓர் அடி நீளத்துக்கு இதை மட்டும் பழகச் சொல்வேன்.

வரைய ஆல்கஹால் மார்க்கர் போதும். தண்ணீர் மையும் துணிச்சாயமும் ஜெலட்டின் பூச்சு இருக்கும் லீடரில்தான் ஊறும். பூச்சில்லாத பாலியெஸ்டர் சுருளில் முத்து முத்தாகத் திரண்டு உதிர்ந்துவிடும். நகப்பூச்சு காய்ந்ததும் வெடிக்கும், ஜிகினாத்தூள் கேட்டுக்குள் போனால் வெளியே வராது. இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

ஃபிரேம் எல்லையை மறந்து, சுருள் நெடுகிலும் ஒரே கோட்டை இழுத்துப் பாருங்கள். திரையில் அது ஓடிக்கொண்டே இருக்கும் தண்டுபோல் நடுங்கும். புதியவர்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் குட்டிக் குட்டிப் படம் போட மெனக்கெடுகிறார்கள். இந்த ஒற்றைக் கோடு தரும் உயிர்ப்பு அதில் பாதிக்குக்கூட வருவதில்லை.

கரைக்க வீட்டு ப்ளீச் போதும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். வினிகரோ, கழிவறை ஆசிட்டோ, அம்மோனியாவோ பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. ப்ளீச்சோடு கலந்தால் நச்சு வாயு வரும். சுருளை முழுதாக முக்காமல், தூரிகையால் தொட்டு வையுங்கள். சில நொடிகளில் ஜெலட்டின் இளகி நெளியத் தொடங்கும், உடனே தண்ணீரில் அலசி நிறுத்துங்கள். வேண்டியதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துவதுதான் சரி, ஏனென்றால் அலசும்போதும் கொஞ்சம் கரையும்.

இலைகளை வாஷிங் சோடாவும் வைட்டமின் சி-யும் கலந்த நீரில் ஊறவைத்து, ஒளிபடாத கறுப்புவெள்ளைச் சுருளின் மேல் பதித்து வெயிலில் காயவைக்கும் முறையும் இருக்கிறது. கலைஞர் கேரல் டூயிங் இதை ஃபைட்டோகிராம் என்கிறார். இலையில் உள்ள பொருட்களே படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பராக வேலை செய்யும். அதற்குப் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் வேண்டும் என்பதால் இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒலித்தடத்தை வரைதல்

ஒலி ஓரத்தின் பயன்படும் அகலம் சுமார் 2 மி.மீ. எக்ஸைட்டர் விளக்கின் ஒளி மெல்லிய பிளவு வழியாக அங்கே விழுகிறது. ஒளி கூடிக் குறையும் மாற்றம்தான் ஒலி. முழுக் கறுப்பும் மௌனம், முழுத் தெளிவும் மௌனம். ஓரம் முழுக்கக் கறுப்படித்துவிட்டு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று கேட்பவர் ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் இருப்பார்.

கணக்கு எளிது. ஒரு ஃபிரேமுக்குள் போடும் கோடுகளின் எண்ணிக்கையை 24-ஆல் பெருக்கினால் ஹெர்ட்ஸ் வரும். ஐந்து கோடு 120 ஹெர்ட்ஸ், எட்டு கோடு 192 ஹெர்ட்ஸ். அதே எட்டு கோட்டை 18 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் 144. நிகழ்ச்சியின் நடுவே வேகத்தை மாற்றினால் சுருதி இறங்குவது இதனால்தான்.

கையால் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளிக்குக் கீழே சீராகப் போடுவது கடினம். எனவே கையால் வரைந்த ஒலியின் அடிச்சுருதி தாழ்வாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் மேடையில் வேலைப் பிரிவினை தானாகவே வந்துவிடும். தாழ்ந்த பகுதியைச் சுருளுக்கு விட்டுவிட்டு, ஒலிக்காரர் மேல்பகுதியில் வாசிக்கலாம்.

கோடுகள் ஓரத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சாய்ந்தால் பிளவுக்குள் ஒன்றோடொன்று கலங்கி, கூர்மை போய்விடும்.

இப்போது முக்கியமான இடம். ஒலிப்படிப்பான் கேட்டில் இல்லை, அதைத் தாண்டி 26 ஃபிரேம் தள்ளி இருக்கிறது. படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வரைந்தால், படம் தெரிந்து ஒரு நொடிக்கும் சற்றுக் கூடுதலாகக் கழிந்துதான் ஒலி கேட்கும். இரண்டும் ஒன்றாக வரவேண்டுமானால் ஒலிக்கோட்டைச் சுருளின் தலைப்பக்கமாக 20 செ.மீ. முன்னால் வரையுங்கள். எல்லா இடத்திலும் ஒத்திசைய வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சரியாக மோதட்டும். மற்ற இடங்களில் அந்தத் தாமதம் இருந்தால்தான் அந்த மோதலுக்கு வலு வரும்.

6. காயவைத்தல், துடைத்தல்

ப்ளீச்சோ சாயமோ பட்ட சுருளைக் கயிற்றில் தொங்கவிட்டு முழுதாக ஒரு நாள் காயவிடுங்கள். கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் இன்னும் நேரம் எடுக்கும், மின்விசிறி வையுங்கள். மேலே காய்ந்தது போல் தோன்றும், உள்ளே ஜெலட்டின் பிசுபிசுப்பாகவே இருக்கும். அந்த நிலையில் ரீலில் சுற்றினால் அடுத்த சுற்றோடு ஒட்டி, பிரிக்கும்போது படமே உரிந்து வரும்.

கீறிய சுருளை மென்துணியால் துடைக்கத் தவறாதீர்கள். கீறியபோது உதிர்ந்த தூள் கேட்டில் சேர்ந்து, திரையில் கம்பளி போல் தொங்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் மார்க்கரையும் சேர்த்துக் கழுவிவிடும். வரைந்த சுருளுக்கு உலர்ந்த துணி மட்டுமே.

7. ஒட்டுதல், லூப் செய்தல்

சுருளை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசரும் ஸ்ப்ளைசிங் டேப்பும் பயன்படுத்துங்கள். ஃபிலிம் சிமென்ட் என்ற பசை அசிட்டேட்டில்தான் பிடிக்கும், பாலியெஸ்டரில் பிடிக்காது. கலவையான சுருளுக்கு டேப்தான் வழி. ஸ்டேஷனரி கடை செலோடேப் வேண்டாம். சூட்டில் அதன் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளை ஒட்டிவிடும். இருபக்கமும் ஒட்டி, துளைகள் திறந்திருக்கின்றனவா என்று விளக்கில் பாருங்கள்.

ஒலி ஓரத்தில் ஒட்டு கடக்கும் இடத்தில் 'டொப்' என்று ஒரு அடி கேட்கும். அது வேண்டாமென்றால் ஒட்டின் மேல் கறுப்பு மையால் சிறு முக்கோணம் வரையுங்கள். ஒளி படிப்படியாக மங்கித் தெளிவதால் அடி மெத்தென்று ஆகிவிடும்.

லூப்புக்கு ஒரு நல்ல அளவு 160 ஃபிரேம், அதாவது நான்கு அடி. இரண்டாவது புரொஜெக்டர் இருந்தால் அதற்கு 168 ஃபிரேம் வையுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் 2 நிமிடம் 20 நொடிக்கு ஒருமுறைதான் தொடங்கிய நிலைக்குத் திரும்பும். அதுவரை ஒவ்வொரு சுற்றிலும் புதுச் சேர்க்கைகள் வரும். லூப்பைத் தொங்கவிட மைக் ஸ்டாண்டில் வெற்று ரீல் ஒன்றைப் பொருத்துங்கள். தரையில் உரச விட்டால் தூசியை அள்ளிக்கொண்டு கேட்டுக்குள் போகும்.

ஒவ்வொரு லூப்பையும் தனி உறையில் போட்டு, எண்ணும் ஓடும் திசையும் எழுதுங்கள். இருட்டில் தேட நேரம் இருக்காது.

8. ஒலி இணைப்புகள்

புரொஜெக்டரில் லைன் அவுட் இருந்தால் அதை மிக்சருக்கு எடுங்கள். ஸ்பீக்கர் அவுட் மட்டும் இருந்தால் நேராக மைக் இன்புட்டில் சொருகாதீர்கள், மிக்சர் கெட்டுவிடும். ஸ்பீக்கர் சிக்னலைத் தாங்கிக் குறைத்துத் தரும் டி.ஐ. பாக்ஸ் வழியாகக் கொண்டுவாருங்கள்.

இரைச்சல் வருகிறது என்று மூன்று முள் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய உலோக உடல் இயந்திரத்தில் இது உயிருக்கு ஆபத்து. டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, இயந்திரத்தையே ஒலிக்க வைப்பது. அதிர்வை மின்சிக்னலாக்கும் 27 மி.மீ. பீசோ தகட்டைக் கேட்டுக்கு அருகே உடலில் ஒட்டினால் நகத்தின் படபடப்பு முழுதும் கிடைக்கும். பீசோவுக்கு உயர் இம்பீடன்ஸ் உள்ளீடு வேண்டும். கிட்டார் இன்புட் சரி, சாதாரண மைக் இன்புட்டில் அடித்தொனி போய்த் தகரச் சத்தம்தான் வரும்.

சிறு சோலார் தகடு ஒன்றை ஆம்பில் இணைத்து ஒளிக்கற்றைக்குள் நீட்டிப் பாருங்கள். ஒளியை மறைத்து மறைத்துத் திறக்கும் ஷட்டர் இரண்டு இதழ் என்றால் 48 ஹெர்ட்ஸ், மூன்று இதழ் என்றால் 72 ஹெர்ட்ஸ் ஓர் உறுமல் எழும். படத்தின் வெளிச்சம் மாறும்போது அது வீங்கிச் சுருங்கும். கையை அசைத்தால் ஒலி மாறும், திரையில் நிழலும் விழும். பார்வையாளருக்கு ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேராகக் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒத்திகையின்போது அறையின் பழைய ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், தகடு அதன் 100 ஹெர்ட்ஸையும் எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக மிக்சருக்குப் பின், ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர். ஒட்டுகளின் அடியும் பீசோவின் பின்னூட்டமும் எதிர்பாராமல் பாயும். கேட்பவர் காது முக்கியம்.

9. ஒத்திகை

முதல் ஒத்திகையில் ஒலிக்காரர் எதையும் வாசிக்காமல் முழுச் சுருளையும் கேட்கட்டும். இதை யாரும் விரும்புவதில்லை, ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் மேடையில் சுருளின் மேல் ஏறி வாசித்துவிடுகிறார்கள். சுருளுக்குத் தன் குரல் இருக்கிறது, புரொஜெக்டரின் சத்தமும் இருக்கிறது. மூன்றாவதாக வருபவர்தான் வாத்தியம்.

அப்புறம் சிலவற்றை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். யார் தொடங்குவது, எந்த லூப்பில் ஒலிக்காரர் முழுதாக நிறுத்துவது, எந்த அடையாளம் வந்தால் முடிப்பது. மற்றதை முடிவு செய்யாதீர்கள். படம் துடித்தால் தாளம், மங்கினால் மெல்லிசை என்று பின்தொடர்வதுதான் பொதுவான பிழை. அது பின்னணி இசையாகிவிடும். படம் கொந்தளிக்கும்போது ஒரே சுரத்தைப் பிடித்து நின்று பாருங்கள், இருவருக்கும் புதிதாக ஏதோ கேட்கும்.

புரொஜெக்டர்காரருக்கும் வாசிக்க வேண்டியது உண்டு: லென்ஸ் முன்னால் கலர் ஜெல் என்ற நிறத்தாள், விரல் நிழல், ஃபோகஸை இழுத்தல், வேக மாற்றம். ஜெல் எப்போதும் லென்ஸுக்கு வெளியேதான். விளக்குப் பக்கம் வைத்தால் உருகும். ஓட்டத்தை நிறுத்தி ஒரு ஃபிரேமை நிற்க வைப்பதாக இருந்தால் உங்கள் இயந்திரத்தில் வெப்பத் தடுப்பு இருக்கிறதா என்று தேவையில்லாத துண்டில் சோதியுங்கள். இல்லையென்றால் சுருள் பொசுங்கும்.

10. நிகழ்ச்சி நாள்

புரொஜெக்டரை அறைக்குள், பார்வையாளர் நடுவிலோ முன்னாலோ வையுங்கள். பிரான்சின் மெட்டாம்கின் குழுவினர் புரொஜெக்டர்களையும் ஒலிக்கருவிகளையும் ஒன்றாக மேடையில் வைத்து, கண்ணாடிகளால் ஒளியைத் திரைக்குத் திருப்புகிறார்கள். கைகள் செய்வதைப் பார்வையாளர் பார்த்தால்தான் அங்கேயே உருவாகிறது என்பது புரியும்.

புரொஜெக்டருக்கும் ஒலிக்கருவிகளுக்கும் தனித்தனி மின்சுற்று கேளுங்கள். விளக்குக்கு மட்டுமே 250 வாட்டோ அதற்கு மேலோ போகும். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தால் இரைச்சலும் வரும், ஃப்யூஸும் போகும்.

தலையில் இரண்டு மீட்டர் வெற்று லீடர், வாலில் ஒரு மீட்டர். தலை லீடர் கோர்ப்பதற்கு, வால் லீடர் படத்தின் கடைசி ஃபிரேம் இயந்திரத்தில் அடிபடாமல் இருக்க. கதவு திறக்கும் முன் கேட்டை மறுபடி துடைத்து, விளக்கெல்லாம் அணைத்து, சிறு டார்ச் ஒளியில் ஒரு லூப்பை மாற்றிப் பாருங்கள். வெளிச்சத்தில் எளிதாகச் செய்தது இருட்டில் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்தை ஒலிக்காரர் தனியாகத் தாங்க வேண்டும், அவரிடம் சொல்லிவையுங்கள்.

சுருள் நடுவில் அறுந்தால் பதறாதீர்கள். விளக்கை அணைத்து, மோட்டாரை நிறுத்தி, அறுந்த முனையை இரண்டு மூன்று சுற்று எடுப்பு ரீலில் சுற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒட்டும் வேலை வீட்டில்.

11. முடிந்தபின்

ஹாலோஜன் விளக்கு ஆறும்வரை மின்விசிறியை ஓடவிடுங்கள், சூட்டோடு இயந்திரத்தைத் தூக்கினால் இழை அறுந்துவிடும்.

மறுநாள் சுருளை மெதுவாகப் பின்சுற்றி, கையுறை போட்ட விரல்களுக்கிடையே ஓரங்களை ஓடவிடுங்கள். கிழிந்த துளையும் தூக்கிக்கொண்ட ஒட்டும் விரலில் தட்டும். அங்கேயே நிறுத்திப் புது டேப் போடுங்கள். உதிர்ந்த நிறத்தைத் திருப்பி வரைவதா, புதுக்கீறலோடு அப்படியே விடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் விட்டுவிடுவேன். ஆனால் ஒலித்தடத்தில் கோடுகள் தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் மறுபடி இழுத்துவிடுங்கள். அடுத்த ஒத்திகையில் ஒலிக்காரர் அந்தச் சுருதியை நம்பித்தான் தொடங்குவார்.